தோளில் புத்தக மூட்டை, கையில் காசில்லை... நாவல் வாசகரைத் தேடிப்போன கதை!

நாமக்கல்லில் இருந்து கொல்லிமலைக்குக் கிளம்பும் பஸ், காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்கும். மொத்தம் 70 வளைவுகள். மேலே போனால் 14 நாடுகள். கொல்லிமலையில் நாடு என்றால் ஊராட்சி. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு என்று நீளும் பட்டியலில் பைல் நாடும் ஒன்று.

அந்தப் பைல் நாட்டில் ஓர் இளம்பெண் நாவல் எழுதி முடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாவல், 240 பக்கம். கதை முழுக்க மலையிலேயே நடக்கிறது. பதிப்பகங்களுக்கு அனுப்பிப் பார்த்து, பதில் வராமல், அம்மா மிளகு விற்ற பணத்தில் தானே அச்சடித்துவிட்டார். 300 பிரதிகள். ஒரு பிரதி 280 கிராம் என்றால் மொத்தம் 84 கிலோ. கிட்டத்தட்ட இரண்டு மிளகு மூட்டைக் கனம். பெட்டிகள் பஸ்ஸில் ஏறி, 70 வளைவும் சுற்றி வந்து, வீட்டுத் திண்ணையில் இறங்குகின்றன.

இனிமேல்தான் சிக்கல். அச்சகத்துக்குக் கொடுத்ததோடு பணம் தீர்ந்துவிட்டது. விளம்பரத்துக்கு மிச்சம் இருப்பது ஒன்றிரண்டு ஆயிரம். மிளகை வியாபாரி வீட்டு வாசலுக்கே வந்து எடைபோட்டு வாங்கிக்கொண்டு போவார். நாவலுக்கு அப்படி யாரும் வரப்போவதில்லை.

இந்த நிலைமை புதிதல்ல. தமிழில் பெரிய பெயர்களாக இன்று சொல்லப்படுகிறவர்களில் சிலர் இதே திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள்தான். அவர்களில் முதலில் நினைவுக்கு வரவேண்டியவர் சி.சு.செல்லப்பா.

85 வயதில் மூன்று பாக நாவல்

‘வாடிவாசல்’ என்றால் இன்று எல்லோருக்கும் தெரியும். ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு தேடித் தேடி வாங்கினார்கள். சூர்யா நடிக்க, வெற்றிமாறன் இயக்கத்தில் படமாகப் போகிறது என்ற அறிவிப்பு வந்ததும் இன்னும் பல பேர் வாங்கினார்கள். ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. ஆனால், அந்தச் சின்னப் புத்தகம் 1959-ல் வந்தபோது அதற்குப் பின்னால் பெரிய நிறுவனம் எதுவும் கிடையாது. ‘எழுத்து பிரசுரம்’ என்ற பெயரில் வந்தது. எழுத்து பிரசுரம் என்றால் செல்லப்பா. ஆசிரியர், பதிப்பாளர், புரூஃப் பார்ப்பவர், விற்பனையாளர் எல்லாம் அவரே.

மதுரைப் பக்கம் வத்தலக்குண்டுக்காரர். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். பத்திரிகைகளில் வேலை பார்த்தவர். 1959 ஜனவரியில் ‘எழுத்து’ என்ற இலக்கியப் பத்திரிகையைத் தொடங்கினார். சினிமாச் செய்தி கிடையாது, ஜோக் கிடையாது, தொடர்கதைக்குக் கலர் படம் கிடையாது. விமர்சனமும் புதுக்கவிதையும் சிறுகதையும்தான். 119 இதழ்கள் கொண்டுவந்தார். ‘ஜீவனாம்சம்’ நாவலும் அதில்தான் தொடராக வந்தது. தன் நாவலுக்கு வேறு யாரும் இடம் தரவேண்டும் என்று காத்திருக்காமல் இடத்தையே உண்டாக்கிக்கொண்டார்.

உண்டாக்கிவிட்டால் போதுமா? அச்சான புத்தகங்கள் வீட்டில் அடுக்கிக் கிடக்கும். கடைக்காரர்கள் இந்த மாதிரிப் புத்தகத்தை வாங்கி வைக்கமாட்டார்கள். விளம்பரம் கொடுக்கக் காசு இல்லை. செல்லப்பா செய்தது ஒன்றுதான். புத்தகங்களை மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு கிளம்பினார். ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாக. தமிழ்த் துறைக்குப் போவார், பேராசிரியர்களைப் பார்ப்பார், மாணவர்களிடம் பேசுவார், புத்தகத்தை எடுத்து மேசைமீது வைப்பார். கதர் உடுத்திய ஒரு மனிதர் மூட்டையோடு வாசலில் வந்து நிற்கிற காட்சியைத் தமிழ் எழுத்தாளர்கள் பலர் தங்கள் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்கள்.

இதைத் தியாகக் கதையாக மட்டும் படிப்பது வழக்கம். அப்படிப் படித்தால் பாதி விஷயம் விட்டுப்போகும். ஏனென்றால், வியாபாரக் கணக்காகப் பார்த்தாலும் அவர் தேர்ந்தெடுத்த இடம் சரியான இடம். நாவல் படிக்கக்கூடியவர்கள் ஒரே கூரைக்குக் கீழே எங்கே கூடுகிறார்கள்? கல்லூரியில். அதிலும் ஒரு பேராசிரியர் படித்துவிட்டால் வகுப்பில் சொல்வார். வகுப்பில் சொன்னால் நாற்பது பேர் காதில் விழும். அந்த நாற்பதில் இரண்டு பேர் நூலகத்தில் கேட்பார்கள். ஒரு பிரதி விற்கப் போய், ஒரு வாயை விலைக்கு வாங்கிவிட்டு வருகிற வேலை அது. இன்று இதைச் செய்ய ஏஜென்சிகள் பணம் வாங்குகின்றன.

அவர் கதையில் நெஞ்சை உறுத்துகிற பகுதி கடைசியில் வருகிறது. சுதந்திரப் போராட்ட அனுபவத்தை வைத்து ‘சுதந்திர தாகம்’ என்று மூன்று பாக நாவல் எழுதினார். 1997-ல், 85 வயதில், அதையும் தானே வெளியிட்டார். அடுத்த ஆண்டு டிசம்பரில் காலமானார். அந்த நாவலுக்கு 2001-ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. விருது கிடைத்த பிறகு வந்து கேட்ட வாசகர்களை அவர் பார்க்கவில்லை. மூன்று பாகம் உள்ள நாவலை 85 வயதில் தோளில் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போக முடியாது என்பது சொல்லித் தெரியவேண்டியதில்லை.

செல்லப்பாவுக்கு முன்னாலேயே இன்னொருவர் வேறு வழியில் போயிருக்கிறார். வை.மு.கோதைநாயகி அம்மாள். ஐந்து வயதைத் தாண்டியதும் கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. முதல் நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி ஒருவர் எழுதிக் கொடுத்தார். அப்படிப்பட்டவர் 1925-ல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை எடுத்து நடத்தத் தொடங்கி, தன் நாவல்களை அதில் தொடராக வெளியிட்டு, 30 ஆண்டுகளுக்கும் மேல் ஓட்டினார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள். அடுத்த அத்தியாயம் என்ன ஆகும் என்று வீட்டுப் பெண்கள் காத்திருந்தார்கள். நாவல் புத்தகமாக வரும்போது அதை வாங்க ஆள் ஏற்கெனவே தயார். முதலில் வாசகர், அப்புறம்தான் புத்தகம்.

பைல் நாட்டு நாவலாசிரியர் இந்த இடத்தில்தான் தப்புச் செய்துவிட்டார். முதலில் 300 பிரதி அடித்துவிட்டு அப்புறம் வாசகரைத் தேடுகிறார். பாவம், பெரும்பாலானவர்கள் செய்வதும் அதுதான்.

முதல் அத்தியாயம் இலவசம்

சரி, புத்தகம் அச்சாகிவிட்டது. இனி என்ன செய்யலாம்? உலகத்தில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று ஒரு சுற்று பார்த்துவிடலாம்.

மும்பையில் அமிஷ் திரிபாதி என்ற வங்கி ஊழியர் சிவனை நாயகனாக வைத்து ‘தி இம்மார்ட்டல்ஸ் ஆஃப் மெலுஹா’ எழுதினார். பதிப்பகங்கள் வரிசையாக வேண்டாம் என்றன. 2010-ல் புத்தகம் வந்தபோது அவர் செய்த காரியம், முதல் அத்தியாயத்தை மட்டும் தனிச் சிறு நூலாக அச்சடித்துப் புத்தகக் கடை கவுன்டர்களில் இலவசமாக வைத்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம். படித்துவிட்டு ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று தோன்றினால் திரும்பி வந்து வாங்கவேண்டும். வந்தார்கள். லட்சக்கணக்கில் வந்தார்கள்.

அமெரிக்காவில் ஆண்டி வெயர் ‘தி மார்ஷியன்’ நாவலை அத்தியாயம் அத்தியாயமாகத் தன் இணையப் பக்கத்தில் சும்மா போட்டார். வாசகர்கள் கிண்டிலில் வேண்டும் என்று கேட்டதால், 2011-ல் குறைந்தபட்ச விலையான 99 சென்ட்டுக்குப் போட்டார். பிறகு பெரிய பதிப்பகம் வந்தது, ஹாலிவுட் படமும் வந்தது. அதே நாட்டில் அதற்கு 20 ஆண்டுகள் முன்பு, இ.லின் ஹாரிஸ் என்ற எழுத்தாளர் தானே அச்சடித்த முதல் நாவலை அட்லாண்டாவில் காரில் ஏற்றிக்கொண்டு அழகு நிலையங்களில் கொண்டுபோய் வைத்தார். தலைமுடி சரிசெய்ய வருகிற பெண்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள் அல்லவா? கையில் கிடைத்ததைப் படிப்பார்கள். பாதியில் முறை வந்துவிடும். மீதியைப் படிக்க விலை கொடுத்து வாங்கித்தான் ஆகவேண்டும்!

அமிஷ் கவுன்டரை, ஹாரிஸ் அழகு நிலையத்தை, செல்லப்பா தமிழ்த் துறையைப் பிடித்தார்கள். மனிதர்கள் கொஞ்ச நேரம் சும்மா இருக்கிற இடம் எது என்று கண்டுபிடித்ததுதான் மூவரும் செய்தது. கொல்லிமலைக்கு அந்த இடம் எது என்பதற்கு வருவோம். அதற்கு முன்னால் கணக்கு.

30 ரூபாயா, 100 ரூபாயா?

புத்தகத்தின் விலை 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிரதிக்கு அச்சுச் செலவு 120 ரூபாய் ஆனது என்றும் வைத்துக்கொள்வோம். அச்சகத்தையும் தாளையும் பிரதி எண்ணிக்கையையும் பொறுத்து இது கூடும், குறையும். கடையில் கொடுத்தால் 35, 40 சதவிகிதம் கழிவு கேட்பது வழக்கம். 40 சதவிகிதம் என்றால் கைக்கு வருவது 150. அச்சுச் செலவு போக மிச்சம் 30 ரூபாய். அதுவும் விற்ற பிறகுதான், சில நேரம் விற்று மாதங்கள் கழித்துத்தான் வரும்.

அதே பிரதியை வாசகருக்கு நேரடியாகத் தபாலில் அனுப்பினால்? தபாலும் உறையும் போக 100 ரூபாய்க்கு அக்கம்பக்கம் நிற்கும். அதனால்தான் கையில் காசில்லாத எழுத்தாளருக்கு நேரடி விற்பனை ஆசைக்காகச் செய்கிற விஷயம் இல்லை, வேறு வழியே இல்லை.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. ஊரில் எல்லோரும் ‘ஒரு காப்பி குடு, படிச்சுட்டுச் சொல்றேன்’ என்பார்கள். மாமா, சித்தப்பா, கூடப் படித்தவர்கள், அரசியல் பிரமுகர். சும்மா கொடுத்த ஒவ்வொரு பிரதியும் 120 ரூபாய். அதை ஈடுகட்டக் கடையில் நான்கு பிரதி விற்கவேண்டும். பத்துப் பேருக்கு மரியாதைக்காகக் கொடுத்தால் நாற்பது பிரதியின் லாபம் போச்சு. சொந்தக்காரரிடம் எப்படிக் காசு கேட்பது என்று கூச்சமாகத்தான் இருக்கும். கல்யாணத்துக்கு மொய் எழுதத் தயங்காத சொந்தக்காரர் 250 ரூபாய்க்கு மட்டும் ஏன் தயங்கப்போகிறார்? கேட்டுப் பார்க்கலாம். க்யூஆர் கோடு அச்சடித்த ஒரு சீட்டைப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டால் வாயால் கேட்கவேண்டிய சங்கடமும் குறையும்.

சும்மா கொடுக்கவேண்டிய பிரதிகள் வேறு. பத்திரிகைகளுக்கு மதிப்புரைக்கு அனுப்புவது. மாவட்டத்தில் நாவல் படித்துப் பேசுகிற நான்கைந்து பேருக்குக் கொடுப்பது. சட்டப்படி அனுப்பவேண்டியவையும் உண்டு. 1954-ம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டத்தின்படி, வெளியான ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று நூலகங்களுக்கும் பதிப்பாளர் தன் செலவில் அனுப்பவேண்டும். தானே வெளியிட்டால் பதிப்பாளரும் அவரே. நான்கு பிரதி போகிறதே என்று வருத்தப்படலாம். ஆனால், பைல் நாட்டில் எழுதிய நாவல் ஐம்பது வருஷம் கழித்தும் கொல்கத்தாவில் ஓர் அலமாரியில் இருக்கும். வீட்டுப் பரணில் கரையான் அரித்தாலும் அங்கே இருக்கும்.

தபால் விஷயத்தில் கடந்த இரண்டு ஆண்டுகளில் பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. புத்தகம் அனுப்ப அஞ்சல் துறையில் ஒரு மலிவான பதிவு அஞ்சல் சேவை இருந்தது. ஐந்து கிலோவுக்கு 80 ரூபாய்தான் ஆகும். சிறு பதிப்பாளர்கள் அதை நம்பித்தான் இருந்தார்கள். 2024 டிசம்பரில் அது திடீரென்று நிறுத்தப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது. 2025 மே 1 முதல் ‘ஞான் போஸ்ட்’ என்ற புதிய சேவை வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகத்தான் போகும் என்பதால் நாள் கொஞ்சம் ஆகும். ஆனால், பொட்டலம் எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். விளம்பரத் தாள், வணிக நோக்கிலான அச்சுப் பிரதி எல்லாம் இதில் செல்லாது. பதிப்பாளர் அல்லது அச்சகத்தின் பெயர் புத்தகத்தில் இருக்கவேண்டும். தங்கள் புத்தகம் இந்தச் சேவையில் போகுமா என்று அஞ்சலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

300 கிராம் என்ற அந்த எல்லையைக் கவனிக்கவேண்டும். 280 கிராம் புத்தகத்தைக் கனமான அட்டை உறையில் போட்டால் அடுத்த படிக்குப் போய்விடும். ஒரு பொட்டலத்துக்கு ஐந்து, பத்து ரூபாய் என்றாலும் 200 பொட்டலத்துக்கு என்ன ஆகும்? அச்சுக்குக் கொடுக்கும்போதே தாளின் கனத்தை யோசிக்கிறவர் கெட்டிக்காரர்.

இனி, பணம் போகவே கூடாத இடங்கள். ஐஎஸ்பிஎன் எண். புத்தகத்தின் பின்னட்டையில் கோடு கோடாக இருக்கும் அந்த எண்ணை இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. தனி நபரும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால், ‘உங்கள் நாவலை நாங்கள் வெளியிடுகிறோம்’ என்று பேக்கேஜ் விற்கிற சிலர், இந்த எண்ணுக்கே ஒரு தொகை போட்டு பில்லில் சேர்க்கிறார்கள். முதல் நாவல் எழுதியவரின் ஆசைதான் அவர்களுடைய முதலீடு. அட்டைப்படத்துக்கு இவ்வளவு, சமூக வலைதள விளம்பரத்துக்கு இவ்வளவு, ‘பெஸ்ட் செல்லர்’ ஆக்க இவ்வளவு என்று போய் நிற்கும்போது பல பத்தாயிரங்கள் கரைந்திருக்கும். கிண்டிலில் மின்னூலாகப் போடவும் காசு கிடையாது. 2016 முதல் தமிழ்ப் புத்தகங்களையும் அங்கே போடலாம். அதற்கும் ஒருவர் காசு கேட்டால், அவர் எழுத்தாளரின் நேரத்தை மிச்சப்படுத்துகிறார் என்று மட்டும் சொல்லலாம். அதற்கு எவ்வளவு தகும் என்பதைக் கொடுப்பவர்தான் முடிவு செய்யவேண்டும்.

காசு கொடுத்து ஃபேஸ்புக் பதிவை ‘பூஸ்ட்’ செய்வது? ஆயிரம் ரூபாய் கட்டினால் ஆயிரக்கணக்கானவர்கள் கண்ணில் படும். அட்டைப்படம் அழகாக இருக்கிறது என்று ‘லைக்’ விழும். லைக் போட்டவர் நாவல் படிப்பவரா என்பது யாருக்கும் தெரியாது. அதே ஆயிரம் ரூபாயில் நாமக்கல், சேலம், திருச்சி என்று மூன்று கல்லூரிகளுக்கு பஸ்ஸில் போய் வந்துவிடலாம். இரண்டும் ஒன்றல்ல.

நூலக ஆணை என்பது தமிழ்ப் பதிப்புலகத்தின் பழைய கனவு. தமிழகத்தில் பொது நூலகத் துறையின் கீழ் ஆயிரக்கணக்கான நூலகங்கள் இருக்கின்றன. வீட்டு வரியோடு நாம் கட்டுகிற நூலக வரியில் நடப்பவை. அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கலாம். வந்தால் கொண்டாட்டம். வரும் என்று நம்பிக் கடன் வாங்கக் கூடாது. மாவட்டந்தோறும் இப்போது புத்தகத் திருவிழா நடக்கிறது, நாமக்கல்லிலும் நடக்கிறது. முதல் நாவலாசிரியருக்குத் தனி ஸ்டால் கட்டுப்படியாகாது. தெரிந்த பதிப்பகத்தின் ஸ்டாலில் ஒரு மூலையில் பத்துப் பிரதி வைக்கக் கேட்கலாம். பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். ஆனால், வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால் பத்தும் பத்திரமாகத் திரும்பி வரும். எழுதியவர் பக்கத்தில் நிற்கவேண்டும். கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும். செல்லப்பாவிடம் பாடம் படிக்கவேண்டிய இடம் அது.

மலையில் யார் படிப்பது?

இத்தனை கணக்கும் சென்னையை, சேலத்தை, திருச்சியைப் பார்த்துப் போடுகிற கணக்கு. மலையைப் பற்றி எழுதிய நாவலை மலையில் யார் படிக்கப்போகிறார்கள்?

கொல்லிமலையை வைத்து நாவல் வந்ததே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. நாமக்கல் மாவட்டத்துக்காரரான கு.சின்னப்ப பாரதி 1985-ல் ‘சங்கம்’ எழுதினார். கொல்லிமலைப் பழங்குடி மக்கள் தங்களைச் சுரண்டுகிறவர்களுக்கு எதிராக ஒன்றுசேர்கிற கதை. அவர் விவசாயிகள் இயக்கத்தில் வேலை செய்தவர். ‘தாகம்’ உள்ளிட்ட அவருடைய நாவல்கள் வேறு மொழிகளுக்கும் போயின. நாமக்கல்லில் தன் பெயரில் அறக்கட்டளை வைத்து, மற்ற எழுத்தாளர்களுக்கு விருது கொடுத்து விழா நடத்தினார். 2022-ல் காலமானார். வெளியூர் எழுத்தாளர்கள் நாமக்கல்லுக்கு வந்துபோக அந்த விழா ஒரு காரணமாக இருந்தது. சென்னைக்குப் போய்த்தான் எழுத்தாளர் ஆகவேண்டும் என்பதில்லை என்று இந்த மாவட்டத்தில் ஒருவர் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

இன்னும் பழைய விளம்பரக் கதை ஒன்றும் இந்த மலைக்கு உண்டு. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. அவன் வில் வித்தையும் கொடையும் இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் நமக்குத் தெரிகிறது என்றால், வன்பரணர் போன்ற புலவர்கள் பாடிக்கொண்டு ஊர் ஊராகப் போனதால்தான். அன்றைக்கு அந்த வேலைக்கு யானையும் பொன்னும் பரிசு. இன்றைய பட்ஜெட்டில் அது கட்டுப்படியாகாது!

ஓரிக்கு ஆண்டுதோறும் ஆடி மாதம் செம்மேட்டில் விழா எடுக்கிறார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் மலையே திரண்டு வரும். கீழ்நாட்டு மக்களும் வருவார்கள். சோளக்காடு சந்தையில் சுற்றுலாப் பயணிகள் அன்னாசி, பலா, மிளகு, தேன் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஆகாய கங்கை அருவிக்கும் போகிறவர்கள் சாப்பாட்டுக் கடையில் உணவுக்காகக் காத்திருக்கிறார்கள். ஹாரிஸுக்கு அழகு நிலையம் என்றால் பைல் நாட்டுக்காரருக்கு இந்தச் சாப்பாட்டுக் கடை பெஞ்சு. மேசைக்கு ஒரு முதல் அத்தியாயம், பதினாறு பக்கம், ஒரு பின் அடித்தது. கடைக்காரர் அம்மாவுக்குத் தெரிந்தவராக இருந்தால் வாடகையும் கிடையாது. மலையைப் பார்க்க வந்தவர் மலையைப் பற்றிய கதையைக் கையில் எடுக்காமல் வேறு எதை எடுப்பார்? சாப்பாடு வருவதற்குள் எட்டுப் பக்கம் ஓடிவிடும். கடைசிப் பக்கத்தில் க்யூஆர் கோடு. இறங்கும்போது வளைவுகளில் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும் என்பதால், கல்லாவிலேயே ஐந்து பிரதி இருப்பது நல்லது.

ஆனால், சுற்றுலாப் பயணி வாங்கிவிட்டால் போதுமா? நாவலில் வருகிற பாட்டியும் பூசாரியும் காபித் தோட்டக் கூலிக்காரரும் இந்த மலையிலேயே இருக்கிறார்கள். தங்களைப் பற்றி எழுதியிருப்பது வெளியூர்க்காரர்களுக்குத்தான் முதலில் தெரிந்தது என்றால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? அவர்களில் பலர் 250 ரூபாய் கொடுத்து வாங்கப்போவதில்லை. சிலருக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே படித்துக் காட்டவேண்டும். ஊர்ப் பொது இடத்தில் ஒரு மாலை, மைக்கூட வேண்டாம். டீச் செலவு மட்டும். ஓர் அத்தியாயம் வாசித்தால், ‘அந்தச் சாமிக்கு அந்த மாசத்துல நோம்பி கிடையாது தாயி, தப்பா எழுதிட்ட’ என்று ஒரு பாட்டி நடுவில் எழுந்து சொல்வார். எந்த மதிப்புரைக்காரரும் கண்டுபிடிக்க முடியாத தப்பு அது. அடுத்த பதிப்புக்கு அதைக் குறித்துக்கொள்ளவேண்டும். அன்றைக்கு இரவே அந்தப் பாட்டியின் பேரன் கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ வேலை பார்க்கிற தன் நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் ‘நம்ம ஊரைப் பத்தி புக்கு வந்திருக்கு’ என்று ஒரு படம் போடுவான். மலையை விட்டு வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்களோ, அத்தனை பேரும் இந்த நாவலின் வாசகர்கள். அவர்களிடம் 250 ரூபாயும் இருக்கிறது, ஊர் ஞாபகமும் இருக்கிறது.

அவர்கள் முகவரி கேட்டு வாங்கி ஒரு நோட்டில் எழுதி வைக்கவேண்டும். தேதி, பெயர், ஊர், பணம் வந்ததா, அனுப்பியாயிற்றா. பழைய சிறு பத்திரிகைக்காரர்கள் எல்லோரிடமும் இப்படி ஒரு சந்தா நோட்டு இருக்கும். இரண்டாவது நாவல் எழுதும்போது அந்த நோட்டில் 80 பெயர் இருந்தால், அச்சகத்துக்குப் போவதற்கு முன்பே 80 பேரிடம் முன்பணம் கேட்கலாம். அம்மா மிளகை விற்கவேண்டியதில்லை.

அதுவரை திண்ணையில் இருக்கிற பெட்டிகளுக்குக் கீழே செங்கல் வைத்துத் தூக்கி, மேலே தார்ப்பாய் போட்டு மூடவேண்டும். மலையில் மழையும் பனியும் அதிகம், தாள் சீக்கிரம் நமுத்துவிடும். முதல் பொட்டலத்தைத் தபாலில் சேர்க்கும்போது, உறையோடு 300 கிராமுக்குள் நிற்கிறதா என்று அஞ்சலகத் தராசை எட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.